ஆண்டவர் வழியாக ஒரு சண்டை

நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நோன்பு நாட்களில், அப்பாவும் அம்மாவும் ஆண்டவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் நான் ஏதோ பக்தி மேலிட்டுப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். சண்டை வந்தால் நடுவில் வந்து உட்கார்ந்து இரண்டு பேரையும் அதட்டுவதற்கு எங்களுக்கு அங்கே சொந்தம் என்று யாரும் கிடையாது. இருந்தவர் ஆண்டவர் ஒருவர்தான். அவரும் அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அண்ணன். ஒன்பதாம் வகுப்புப் பையன். ஒரு நாள் முதல் ஷிப்ட் முடிந்து அப்பா கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். எதிரே அத்திப்பள்ளிக்குப் போகிற பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, தலைமுடி காற்றில் பறக்க, அண்ணன் போனான். பள்ளிக்கூடம் நடக்கிற நேரம். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக் கொட்டகையில் மேட்னி பார்க்கப் போகிறான் என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை. அவர் அடிக்கிற ஆள் இல்லை. பேசாமல் யோசிக்கிற ஆள், அதுதான் ஆபத்து.

அடுத்த வாரம் பெரியப்பா பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "ஜூன்ல பயல ஊருக்குக் கொண்டாந்து விட்டுரு. போர்டிங்ல சேக்க நான் பேசிக்கிடுதேன்" என்றார் அப்பாவிடம். அம்மா சாம்பார்க் கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றாள். அவளுக்கு அந்த விஷயம் அப்போதுதான் தெரியும். பெரியப்பாவுக்கு முகம் கோணாமல் இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். அவர் பஸ் ஏறின கையோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சாப்பாடு, வெந்நீர், துவைத்த சட்டை எல்லாம் அதது அந்தந்த நேரத்துக்கு வந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. முதல் நாள், "அப்பாகிட்ட சொல்லு" என்று என்னைத் தூது விட்டுப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்து, "பெரியவங்க சண்டையில பிள்ளைய இழுக்கக் கூடாது. நீ போய்ப் படி" என்றார். அது அம்மாவுக்கும் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். என் உத்தியோகம் ஒரே நாளில் போயிற்று.

எங்கள் வீட்டில் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். அப்பா எந்த ஷிப்டானாலும், அவர் வீட்டில் இருந்தால் அவரோடு, இல்லாவிட்டால் அவர் இல்லாமல், பாய் விரித்தாக வேண்டும். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாகம், பிறகு வரிசையாக ஜெபம். முதலில் கடைக்குட்டி நான், அடுத்து அண்ணன், அப்புறம் அம்மா, முடிவில் அப்பா. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். கண்ணைத் திறக்கக் கூடாது. நான் திறப்பேன்.

தூதுக்கு ஆள் இல்லாமல் போன அன்று அம்மா தன் முறையில் ஜெபித்தாள்: "அன்பும் இரக்கமும் உள்ள பரம தகப்பனே, இம்மட்டும் எங்களை நடத்தினீரே, ஸ்தோத்திரம். வீட்டில் மண்ணெண்ணெய் நாளையோடு தீர்ந்துபோகிறதை தேவரீர் அறிவீர்." மறுநாள் அப்பா கம்பெனியிலிருந்து வரும்போது கையில் மண்ணெண்ணெய்க் கேன் இருந்தது. அன்று இரவு அவர் தன் முறை வந்ததும், "அடியேனுடைய நீலச் சட்டையில் பொத்தான் அறுந்திருக்கிறதையும் நீர் காண்கிறீர், ஆண்டவரே" என்றார். விடிந்தால் பொத்தான் தைத்திருந்தது.

ஜெபம் இவ்வளவு வேகமாகப் பலிப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று நானும் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டேன். ஆமென் சொன்ன பிறகு அப்பா, "ஜெபத்துல கடைச்சாமான் கேக்கக் கூடாது" என்று கண்டித்தார். மண்ணெண்ணெய் மட்டும் எந்தக் கணக்கு என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா இருந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவார். ஒரு நாள் குழாயடியில் அம்மாவிடம், "தெனமும் காதுல உழுதும்மா. எங்க சாமிக்கெல்லாம் இவ்ளோ வெவரம் நாங்க சொல்றதில்ல. ஒரு தேங்கா ஒடச்சா அதுவே புரிஞ்சுக்கும்" என்றார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து மெதுவான குரலில் சண்டை போட்டார்கள்.

மண்ணெண்ணெய் எல்லாம் மேல்பூச்சுதான். உள்ளே கிடந்தது அண்ணன் விஷயம். அது நாலைந்து நாளில் மேலே வந்தது. அப்பா, "பாலகனாகிய சாமுவேல் தாய் தகப்பனை விட்டுத் தேவாலயத்திலே வளர்ந்து தீர்க்கதரிசியானதற்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். மறுநாள் அம்மா, "சாமுவேலைக் கொண்டுபோய் விட்டது பெற்ற தாயாகிய அன்னாள்தான் என்று எங்களுக்குக் காண்பித்திருக்கிறீரே, அதற்காக ஸ்தோத்திரம்" என்றாள். அப்பா யோசேப்பை இழுத்தார். வீட்டை விட்டுப் போனதால்தானே எகிப்துக்கே அதிபதியானான் என்றார். அம்மா விடவில்லை. யோசேப்பை விற்று அனுப்பிய சகோதரர்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பவில்லை என்பதை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தினாள். ஞாயிறு பள்ளியில் கற்றதைவிட வேதபாடம் எனக்கு அந்தப் பாயில்தான் அதிகம் ஏறியது. யாரை அனுப்புவது பற்றி இத்தனையும் நடந்ததோ அந்த அண்ணன், இருவருக்கும் நடுவில், தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பான். போக அவனுக்கு விருப்பமில்லை. எனக்கும்தான். அவன் போய்விட்டால் கரப்பான்பூச்சி அடிக்க வீட்டில் ஆள் இல்லை.

ஒரு வியாழக்கிழமை அப்பா ஆபிரகாமிடம் வந்து சேர்ந்தார். ஒரே மகன் ஈசாக்கைப் பலியாகக் கொடுக்கவும் தயங்காத விசுவாசத்தை எங்களுக்கும் தாரும் என்று உருக்கமாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை அம்மாவின் முறை.

"ஆண்டவரே, ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது பெற்ற தாயாகிய சாராளிடம் ஒரு வார்த்தை சொன்னானா என்று தெரியவில்லை. அவள் அந்த மூன்று நாளும் என்ன பாடுபட்டாளோ, அது உமக்கு மட்டும்தான் தெரியும்."

அப்பா தன் முறையை விட்டுவிட்டார். நேராகப் பரமண்டல ஜெபத்துக்குப் போய்விட்டார். அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அடுத்த வாரம் அவருக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் போனால் திரும்ப ராத்திரி பத்துக்கு மேல் ஆகும். அந்த வாரம் ஜெபத்துக்கு அப்பா இருக்க மாட்டார். அதாவது அந்த வாரம் முழுக்க வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அது பயமாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை ஏழரைக்குப் பாய் விரித்தபோது அப்பா வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கூட வேலை செய்பவரிடம் கேட்டு நைட் ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தார். ஏற்கெனவே ஒரு வாரம் நைட் பார்த்தவர், திரும்பவும் நைட். பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, ரத்தமாகச் சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்து, அந்தக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாவின் குரலை நேராகக் கேட்க அவருக்கு அந்த ஒரு அரைமணி நேரம்தான் இருந்தது. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் எனக்கு எங்கே புரியப்போகிறது? என் அப்பா பெரிய பக்திமான் என்று புரிந்துகொண்டேன். ஞாயிறு பள்ளியில் டீச்சரம்மா, "யார் வீட்டுல தெனமும் ஜெபம் நடக்கு?" என்று கேட்டதும் எழுந்து நின்று, எங்கள் அப்பா குடும்ப ஜெபம் தவறக் கூடாது என்பதற்காக இரண்டு வாரமாக நைட் ஷிப்ட் பார்க்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டீச்சரம்மா நேரே போய் எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லிவிட்டார். ஐயருக்கு லெந்துப் பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? அன்றைக்கே பிரசங்க பீடத்திலிருந்து, நம் சபையில் ஒரு தகப்பன் தூக்கத்தை வெறுத்து, உடம்பை ஒடுக்கி, குடும்ப ஜெபத்தைக் காத்துக்கொள்கிறார், தகப்பன்மாரே, நீங்கள் எப்படி என்று கேட்டார். பேர் சொல்லவில்லை. ஆனால் சபையில் நைட் ஷிப்ட் பார்த்துச் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான்.

ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். அப்பா குனிந்து தன் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. பெருமையில் பூரித்திருப்பார் என்று நினைத்து அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பு. வாரக்கணக்கில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்பாவும் அந்தக் குலுக்கலைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை அப்பா தன் முறையில் ஜெபத்தை வழக்கம் போலத்தான் ஆரம்பித்தார். நடுவில் குரல் நின்றது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன்ட்ட பேசுததுக்கு முன்னால உன்ட்ட கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான்" என்றார். "இப்பம் கேக்கேன். பயல அனுப்பவா, வேண்டாமா? நீ சொல்லுததுதான்."

ஜெபத்தின் நடுவே பேச்சு! கூரை இடிந்து விழப்போகிறது என்று நான் இறுக்கிக் கண்ணை மூடினேன். அம்மாவின் குரல் கேட்டது: "முதல்ல ஆமென் சொல்லுங்க. பெறவு பேசுவம்."

ஆமென் சொன்னார். இருவரும் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்தார்கள். நானும் அண்ணனும் நாங்களே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டோம். "அம்மா ஜெயிச்சிட்டா. நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றான் அண்ணன். சந்தோஷத்தில் தன் அப்பளத்தை எனக்குக் கொடுத்தான்.

மறுநாள் காலை அம்மா அவனை வாசற்படியில் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அத்திப்பள்ளிக்கு எத்தன தடவ போன?" என்றாள். ஒரு தடவை என்றான். அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலை குனிந்தது.

"ஒனக்குக் காய்ச்சல், வயித்துவலின்னு அப்பாட்ட நான் எத்தன பொய் சொல்லியிருக்கேன் தெரியுமால? நீ இங்கன இருந்தா இன்னமும் சொல்லுவேன். என்னால சொல்லாம இருக்க முடியாது." அவன் தலையைத் தடவினாள். "போயிட்டு வா மக்கா. நானே கூட்டிட்டுப் போய் விடுதேன்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜெயித்தவர் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? போதாக்குறைக்கு, அதற்குப் பிறகு அப்பா பின்வாங்க ஆரம்பித்தார். மே மாதத்தில், "இன்னும் ஒரு வருசம் பாப்பமா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அம்மா அசையவில்லை. டிரங்குப் பெட்டியில் அண்ணன் பேரைப் பெயிண்டில் எழுதச் சொன்னாள். எழுதியது அப்பாதான். ஒவ்வொரு எழுத்துக்கும் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்.

ஜூனில், திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட, கிருஷ்ணகிரி வரைக்கும் எல்லோரும் போனோம். பஸ் ஸ்டாண்ட் முழுக்க மாம்பழ வாசனை. பெரியம்மாவுக்கு ஒரு கூடை வாங்கிக்கொண்டு அம்மா ஏறினாள்; அண்ணன் ஜன்னலோரம். அப்பா கீழே நின்று, "நல்லாச் சாப்பிடு. பொய் சொல்லாத" என்றார். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் அதையே திருப்பிச் சொன்னார். பஸ் நகர்ந்தது. அண்ணன் கை காட்டவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து சேரும்போது ஜெப நேரமாகிவிட்டது. நானும் அப்பாவும் மட்டும் பாயில் உட்கார்ந்தோம். நான் பாடினேன், அவர் வாசித்தார். அம்மாவையும் அண்ணனையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும் என்று நான் ஜெபித்து முடித்தேன். அடுத்தது அண்ணனுடைய முறை. அப்பா பேசாமல் இருந்தார். காத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் ரேடியோவில் ஏதோ கன்னடப் பாட்டு ஒன்று ஆரம்பித்து, முடிந்தும் போனது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா முகத்தை மார்பு வரைக்கும் கவிழ்த்துக் கண்ணை மூடியிருந்தார். மடியில் விரித்திருந்த வேதப்புத்தகத்தில் இரண்டு சொட்டு ஈரம்.

"அப்பா, அண்ணன்தான் போயிட்டானே. இப்ப நீங்கதான் ஜெபிக்கணும்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. காலையிலிருந்து அலைந்த அலைச்சல், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுப்ப மனமில்லாமல், பரமண்டல ஜெபத்தை நானே தனியாக மெல்லிய குரலில் சொல்லி, ஆமென்னும் சொல்லிவிட்டு, அவருக்குத் தலையணை எடுத்து வர உள்ளே போனேன்.