கரண்ட் இல்லாத நேரத்து ரம்பம்

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவேன். வாசலில் நிற்கும்போது கொடியில் கிடக்கும் துணி ஞாபகம் வரும். இந்த மலையில் மழைக்காலத்தில் துணி காயாது என்று தெரிந்தும் போய்த் தொட்டுப் பார்ப்பேன். இதற்கு நடுவில் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். “ஏனுங்க” என்பேன். காரணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவர் எங்கிருந்தாவது பதில் கொடுத்துவிட்டால் எனக்குப் போதும். கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு இதில் எரிச்சல். நான் நூறு தடவை கூப்பிட்டால் ஒரு தடவைக்குத்தான் விஷயம் இருக்கும், அதுவும் சாம்பாருக்கு உப்புப் பார்க்கச் சொல்வதாகத்தான் இருக்கும் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

சேலத்தில் கடையை மூடிவிட்டு, மலைமேல் கொட்டச்சேடு என்ற ஊரில் இந்த வீட்டை வாங்கினோம். மூன்று அறைகளை விருந்தாளிகளுக்கு விடுகிறோம். வருகிறவர்கள் காபிச் செடியைக் கண்டுகொள்வதில்லை, மிளகுக் கொடியையும் கண்டுகொள்வதில்லை. காரிலிருந்து இறங்கியதும் கேம்ப் ஃபயர் உண்டா என்றுதான் கேட்பார்கள். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் செல்போனைப் பார்ப்பார்கள். அந்த நெருப்புக்கு வேண்டிய விறகு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வரும். காபிக்கு வெயில் விழட்டும் என்று சில்வர் ஓக் மரத்துக் கிளைகளைக் கழிக்கும்போது, எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் ஒரு டிராக்டர் லோடு அனுப்பிவைப்பார். அதைத் துண்டு போட ஆள் கிடைப்பதில்லை. அதனால்தான் கரண்டில் ஓடும் மரம் அறுக்கும் மிஷினை என் கணவர் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் கடையில் வாங்கினார்.

கடைக்கார பாய் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். செயினை அடிப்பக்கம் பிடித்து இழுத்தால் அது சுற்றி ஓடும் தகட்டை விட்டுக் கொஞ்சம் விலகி, விட்டதும் பழையபடி போய் ஒட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கக் கூடாது, ஆறினால் இன்னும் இறுகிவிடும். ஆயில் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஒயரில் வெட்டுக் காயம் இருந்தால் டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றிவிட வேண்டும். செயினில் கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பக்கத்தில் நின்றிருந்த நான்தான் பயத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

குறை சொல்லக் கூடாது, மிஷினை அவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். வேலை முடிந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் பல் பல்லாக மரத்தூளைத் தட்டுவார். ஆயில் வரும் துளையை ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்வார். உருண்டை அரத்தை வைத்து எல்லாப் பல்லையும் ஒரே அளவாகத் தீட்டுவார். என் கல்யாணப் புடவையைக்கூட அவர் இவ்வளவு பத்திரமாகத் தொட்டதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அடம். அந்த மிஷின் ஓட வேண்டுமென்றால் கட்டைவிரலால் ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு மற்ற விரல்களால் சுவிட்சை அழுத்த வேண்டும். சுவிட்சிலிருந்து கையை எடுத்தால் நின்றுவிடும். விரல் வலிக்கிறது என்று சைக்கிள் டியூப்பைக் கீறி, பட்டனையும் சுவிட்சையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். அப்புறம் ஓட்டுவதும் நிறுத்துவதும் சுவரில் இருக்கும் சுவிட்ச்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் கம்பெனிக்காரன் பயந்துகொண்டு வைத்தது என்றார். அடிவாரத்தில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்து ஹெல்மெட் போடுகிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

எங்கள் பக்கம் கரண்ட் இஷ்டத்துக்குப் போகும், இஷ்டத்துக்கு வரும். காற்றடித்தால் போகும், மழை தூறினால் போகும், சில நாள் வானம் வெளுத்திருக்கும்போதும் போகும். அதற்காக யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. போன நேரத்தில்தான் ஃபேன் துடைப்பார்கள், பல்ப் மாற்றுவார்கள், கிரைண்டரைக் கவிழ்த்துக் கழுவுவார்கள். நானும் அப்படித்தான், அவரும் அப்படித்தான். கரண்ட் இருக்கும்போதுதானே பிளக்கைப் பிடுங்க வேண்டும், இல்லாதபோது எதற்கு என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நினைப்பு.

அன்று சனிக்கிழமை. மூன்று அறைக்கும் ஆள் வருகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து விறகு அறுத்துக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது, சுவர் மறைக்கும். சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காது, பல் கூசும். ஆனாலும் சத்தம் கேட்கிற வரைக்கும் அவர் நின்றுகொண்டு வேலை செய்கிறார் என்று அர்த்தம். அது நின்றுவிட்டால்தான் என் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

கட்டை பாதி அறுபடும்போது சத்தம் நின்றது. ஃபிரிட்ஜும் அடங்கியது. கரண்ட் போய்விட்டது.

அடிவாரத்துக்கு வந்துவிட்டோம், டீ குடித்துவிட்டு ஏறுகிறோம் என்று விருந்தாளிகள் அப்போதுதான் போன் பண்ணியிருந்தார்கள். விறகு பாதிகூடத் தேறவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரைக் கூப்பிட்டு டீ வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தேன். மாவுப் பாத்திரத்தைத் திறந்து மூடினேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கி எலுமிச்சை மரத்தை மறைத்துவிட்டது. மறுபடியும் கூப்பிட்டு, அவர்கள் அடிவாரம் வந்துவிட்டார்களாம் என்றேன். முன்பே சொன்னாயே என்று பதில் வந்தது.

அப்புறம் பின்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிரஷ் தேய்க்கும் சத்தம்கூட என் காதுக்கு எட்டவில்லை. “ஏனுங்க” என்றேன். பதில் இல்லை.  இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன், விடாமல் கூப்பிட்டேன். கடைசியில் செருப்பை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. பின்வாசல் படியில் வந்து நின்றார். புருவமெல்லாம் மரத்தூள், கையெல்லாம் ஆயில்.

“எதுக்குக் கூப்ட்ட?”

 உப்பு, புளி என்று எதையாவது சொல்லத் தேடினேன், அகப்படவில்லை. அவருக்குக் கோபம் ஏறிவிட்டது.

“விசயமே இல்லாம வேலையில இருந்து மனுசன எழுப்பறயே, எதுக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி ஓட ஆரம்பித்தது. தலைக்கு மேலே டியூப் லைட் கண் சிமிட்டியது. பின்பக்கம், யாருமே இல்லாத இடத்தில், மிஷின் தானாக அறுக்கத் தொடங்கியது.

அவர் தன் வலது கையைப் பார்த்தார். எனக்கு முழுதாகப் புரிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கையால்தான் செயினைப் பிடித்து இழுத்து இழுத்துத் தூள் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே சிமெண்ட் தரையில் மிஷின் உராய்ந்து அலறும் சத்தம் கேட்டது. அவர் அதை நிறுத்த ஓடப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கிரைண்டருக்கான பெரிய பிளக் பாயிண்ட், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால், என் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே வந்த மிஷின் ஒயரின் பிளக் அதில்தான் செருகியிருந்தது, சுவிட்சும் போட்டபடி. இவ்வளவு நேரம் அதை ஒட்டித்தான் நின்றிருக்கிறேன், கண்ணில் படவில்லை. பிடுங்கினேன். சத்தம் நின்றது.

போய்ப் பார்த்தோம். மிஷின் சாக்கைக் கிழித்துக்கொண்டு கல்லருகே போய்க் கிடந்தது. தரையில் வெள்ளையாக நீளக் கீறல். டூத் பிரஷ்ஷின் கைப்பிடி மட்டும் இருந்தது, தலையைக் காணவில்லை. அவர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார்.  எனக்கு அழுகை வரவில்லை, அப்படி ஒரு கோபம் வந்தது. உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து அந்த டியூப்பை அறுத்துப் போட்டேன். இனிமேல் இதைக் கட்டினால் மிஷினைக் கிணற்றில் போட்டுவிட்டு நான் சேலத்துக்கு பஸ் ஏறிவிடுவேன் என்று சொன்னேன்.  வெகு நேரம் கழித்து அவர், இந்தத் தடவை கோபமில்லாமல், மறுபடியும் கேட்டார்.

“எதுக்குக் கூப்ட்ட?”

“சும்மாதானுங்க.”

அவர் சிரிக்கவில்லை.

இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை. கரண்ட் வரும் என்று நான் நினைக்கவில்லை, பிளக்கைப் பற்றி நினைக்கவே இல்லை. எப்போதும் போல மனசு கேட்காமல் கூப்பிட்டேன். அவ்வளவுதான். அன்று ராத்திரி விறகு ஈரமாகிவிட்டது என்று விருந்தாளிகளிடம் பொய் சொன்னோம். அவர்கள் நெருப்பு இல்லாமலே சுற்றி உட்கார்ந்து செல்போனைப் பார்த்தார்கள்.

மிஷினை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பாய் செயினை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கல்லை அறுத்தீர்களா என்று கேட்டார். என் கணவர் ஏதாவது கதை விடுவார் என்று நினைத்தேன். அவர் டியூப் கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பாய் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் புதுச் செயின் மாட்டி, தகட்டில் அடிபட்டிருக்கிறதா, ஒயர் சரியாக இருக்கிறதா, சுவிட்சை விட்டதும் உடனே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரே உள்ளே வந்து பிளக்கைப் பிடுங்குகிறார். ஜன்னல் வழியாக ஒயர் முழுவதையும் வெளியே இழுத்து, பிளக்கைத் துவைக்கும் கல்லில் தன் கண் முன்னால் வைத்துக்கொண்டு, கையுறை போட்ட பிறகுதான் செயினைத் தொடுகிறார். எனக்கு அப்போதும் நிம்மதி கிடையாது. மிஷின் சத்தம் அடங்கினால் என் கால் ஜன்னலுக்குத்தான் போகிறது. அடுப்பைத் தணித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

எதற்குக் கூப்பிட்டாய் என்று அவர் கேட்பதில்லை. சுவரின் மூலையைத் தாண்டி ஒரு கை மட்டும் வெளியே நீளும், அதில் பிளக் இருக்கும். பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புவேன். கொஞ்ச நேரம் போனதும் மறுபடியும் கூப்பிடுவேன். அந்தக் கை மறுபடியும் நீளும்.