சின்னம்மாவுக்கு வைத்தது

செய்வினை, சூனியம் என்பவற்றை நக்கலடித்து எழுதித்தான் நாலு பேருக்குத் தெரிந்தவனானேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் செய்வினை எடுக்கக் கிளம்பிய ஒரே ஆள் நான்தான். அப்போது ஒன்பது வயது என்பதைத் தவிர வேறு சாக்கு என்னிடம் இல்லை.

சின்னம்மா கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வவுணதீவுக்குத் திரும்பி, காயமெல்லாம் ஆறியிருந்த நேரம். மார்பில் புற்றுநோய். மார்பை முழுதாக எடுக்காமல் கட்டி இருந்த பகுதியை மட்டும் வெட்டி, குழி விழுந்த இடத்தை அவருடைய முதுகுத் தசையைத் திருப்பி இழுத்து நிரப்பியிருந்தார்கள். இதெல்லாம் பெரியவனான பிறகு அறிந்தது. அன்று என் காதில் விழுந்தது, அம்மா மாமியிடம் குசுகுசுத்தது மட்டும்: "உள்ளுக்க வச்சிருக்காங்க மச்சாள். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதகா."

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு 'வைத்திருக்கிறது' என்றால் ஒரே பொருள்தான். வைத்ததை எடுக்காவிட்டால் ஆள் மிஞ்சாது.

மறுநாள் பொழுது சாயச் சின்னம்மா கிணற்றில் தண்ணீர் அள்ளினார். காற்று நின்று, வாவி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கயிற்றை இழுக்கும்தோறும் சட்டைக்குள் இடது பக்கம் மட்டும் தனியே துள்ளியது. கை நின்றால் நின்றது. சின்னம்மா குனிந்து அதனிடம் பேசினார்:

"சும்மா கிட. நீ இப்ப முதுகு இல்ல."

இடம் மாறிய தசை பழைய வேலையை மறக்கவில்லை என்று இன்று எளிதாக எழுதிவிடலாம். அன்று வாழை மறைவில் நின்ற எனக்கு அது தெரியாது. துள்ளியதைவிடப் பயங்கரம், சொன்னதைக் கேட்டு அது அடங்கியதுதான்.

அடுத்த நாள் காலை, செய்வினை எடுப்பவர்கள் வெட்டுவதுபோல, அடுப்படித் தேசிக்காய்களை, அந்த எலுமிச்சங்காய் அத்தனையையும், பாதி பாதியாக வெட்டி, சின்னம்மாவின் தலையணைக்கு அடியில் அடுக்கினேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்ன மனே இது?"

"உங்களுக்கு வச்சிருக்கிறத எடுக்கோணும் சின்னம்மா. எடுக்காட்டிச் செத்துப்போயிருவீங்க."

சின்னம்மாவின் கை இடது மார்பைப் பொத்திக்கொண்டது.

"ஆரு சொன்ன? கொழும்பால செய்தி வந்ததா? புற்றுநோய் வருத்தம் திரும்பிட்டாமா? மிச்சத்தையும் எடுக்கோணுமாமா? உன்ட அம்மா எனக்கு ஒளிக்கிறாவா?"

என் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்க உலுக்க, சட்டைக்குள் அது துடித்தது.

"ஆரோ செய்வினை வச்சிருக்காங்க," என்று அழுதேன். "அது துள்ளுது. நான் கண்ணால கண்டநான்."

சின்னம்மாவின் கை என் தோளை விட்டது.

"செய்வினையா? அவ்வளவுதானா மனே?"

பிறகு கட்டிலில் சரிந்து கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். தனக்குச் சூனியம் வைத்திருக்கிறது என்று கேட்டு இப்படிக் குளிர்ந்துபோன மனுசியை நான் கண்டதில்லை. செய்வினை நன்றாக முற்றிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

சத்தம் கேட்டு வந்த அம்மா முழுக் கதையையும் கேட்டார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார்.

"மத்தியானச் சொதிக்கு இனி என்னத்தப் பிழியிற?" என்றார்.