வாட்டிய தலையும் வாட்டாத தலையும்

மே இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்து. சோளகக் காற்று அடித்து, ஆய்வுகூடத்து யன்னல் முழுவதும் மணல் படிந்திருந்தது. நான் பூட்டைத் திறக்குமுன்பே முள்ளிக்குளத்துப் பிலோமினா, செத்த ஆடொன்றை உரப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

மிருக வைத்தியப் பகுதியில், சதைத் துண்டுகளின் இழையங்களை மெல்லிதாகச் சீவிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்க சிலைட் செய்வது என் வேலை. ஓய்வுக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஆட்டுக்கு வலப்பக்கத் தாடை வீங்கியிருந்தது. எங்கள் டொக்டர், முப்பது வயது தாண்டாத பெண், வெட்டிப் பார்த்தார். கன்னத்துக்குள் உடைமரத்து முள் முறிந்து சீழ் கட்டியிருந்தது; தின்ன முடியாமல் செத்திருக்கிறது. அவர் கவனமானவர் என்பதால் இரு பக்கத்து உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் எடுத்து சதை கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் போடச் சொன்னார்.

மூன்றாம் நாள் சிலைட்டைப் பார்த்தவரின் முகம் மாறியது. முள் ஏறாத இடப்பக்கச் சுரப்பியிலும், குழாய்களைச் சுற்றி நிணநீர்க் கலங்களும் பிளாஸ்மா கலங்களும் கூட்டமாக நின்றன. இவை உடம்பின் காவல் கலங்கள்; கிருமி புகுந்த இடத்தில் பெருகுபவை.

"முள்ளு ஏறினது வலப்பக்கம். இடப்பக்கத்தில இதுகளுக்கு என்ன வேலை ஐயா? தொற்று எண்டால் மற்ற ஆடுகளை ஊரைவிட்டு வெளியில விடேலாது."

பிலோமினாவிடம் இன்னும் இருபத்திரண்டு ஆடுகள் இருந்தன. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு கிழமைதான். கணவன் கடலுக்குப் போவதை விட்டபின் அந்தப் பெருநாள் விற்பனைதான் வீட்டு வருமானம்.

"பெருநாள் முடிஞ்சாப்பிறகு ஆர் பிள்ளை வாங்குறது? நீங்கள் இருபத்திரண்டையும் வாங்குவீங்களோ?" என்று, முடிவு கேட்க வந்திருந்தவள் டொக்டரைக் கேட்டாள்.

"நல்ல ஆட்டில இது எவ்வளவு இருக்கும் எண்டு தெரிஞ்சாத்தான் அக்கா நான் ஒண்டு சொல்லலாம். புத்தகத்தில செம்மறிக்குப் படம் கிடக்கு. எங்கட முள்ளுத் தின்னுற ஆட்டுக்கு இல்லை."

ஆகவே நல்ல ஆடு வேண்டும். உப்புக்குளத்தில் நாங்கள் நானா என்று கூப்பிடும் இறைச்சிக்கடைக்காரரிடம் மூன்று போத்தல் போமலின் கொடுத்து, காதுக்குக் கீழே எந்தச் சதை என்று தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் மூன்று போத்தலும் நிறைந்திருந்தன. காசு கேட்கவில்லை.

அந்தச் சிலைட்டுகளில் காவல் கலம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்படியானால் முள்ளிக்குளத்து ஆட்டுக்கு வருத்தம்தான், தொற்றுநோய்தான் என்று நானும் நினைத்தேன். டொக்டர் ஆடுகளைத் தடுத்துவைக்கும் கடிதத்தை எழுதி முடித்தார். ஒப்பமிடப் போனவர் பேனையை வைத்துவிட்டு, பெரிய லென்சைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"ஐயா, இஞ்ச வாங்கோ. காவல் கலம் மட்டுமில்லை, சுரப்பிக் கலத்தின்ர கருவும் தெரியேல்லை. தண்ணி பட்ட மை மாதிரி எல்லாம் ஊறிக் கிடக்கு. இது அவிஞ்ச சதை."

நான் நேரே கடைக்குப் போனேன்.

"ஓம், வாட்டிப் போட்டுத்தான் வெட்டினன்," என்றார் நானா. "மயிரும் ஊத்தையுமா டொக்டரம்மாக்குக் குடுக்கிறதா? என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

எங்கள் பக்கத்தில் ஆட்டுத்தலையை நெருப்பில் வாட்டி, மயிர் பொசுக்கிச் சுரண்டித்தான் விற்பார்கள். காதடிச் சுரப்பி தோலுக்குக் கீழேயே இருக்கிறது. மரியாதைக்காக வாட்டியதில் நாங்கள் தேடிய கலங்கள் வெந்துபோயின.

"இந்தமுறை வாட்ட முதல் வெட்டித் தாங்கோ நானா."

"முகத்தைக் கிழிச்சுப் போட்டு வாட்டினா அந்தத் தலைய யாரு வாங்குவா? நீங்கதான் கொண்டு போகணும், ஐயா."

மூன்று தலையையும் நானே வாங்குவதாக ஒப்புக்கொண்டேன். அடுத்த நாள் விடியவே போய்ப் பக்கத்தில் நின்று, உடற்சூடு ஆறுமுன் சுரப்பிகளை நானே போமலினில் இட்டேன். மூன்று ஆடுகளிலும் குழாயைச் சுற்றி அதே கலங்கள், ஏறக்குறைய அதே அளவில் நின்றன. முள்ளும் மண்ணும் நாள்தோறும் போகிற வாய்; அங்கே காவல் எப்போதுமே இருக்கிறது.

பெருநாளுக்கு ஆறு நாள் இருக்கையில் பிலோமினாவைக் கூப்பிட்டு டொக்டர் விளக்கினார்.

"அந்தக் கலங்கள் நிண்டது வருத்தத்தால இல்லை அக்கா. சுகமான ஆட்டிலயும் நிக்குதுகள்."

"இதைக் கண்டுபிடிக்கவோ பிள்ளை இவ்வளவு நாள்? எங்கட ரோட்டுக் காவல் சென்றியில இண்டைக்கும் ஆமி நிக்குது. சண்டையோ நடக்குது?"

டொக்டர் சிரித்துக்கொண்டே ஆடுகளை விற்பதற்கான சான்றிதழில் ஒப்பமிட்டார். பெருநாளுக்கு முதல் நாள் பிலோமினாவிடம் இரண்டு ஆடுகள்தான் மிஞ்சியிருந்தன.

தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இரண்டை மனதில் வைத்தால் போதும். வருத்தத்தைப் பார்க்குமுன் சுகம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். போத்தலுக்குள் வந்த சதையைச் சீவுமுன், அதற்கு முன்னால் அதை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

நான் கொடுத்த செலவுச் சிட்டையைக் கணக்குப் பகுதி திருப்பி அனுப்பியது. 'ஆட்டுத்தலை மூன்று' உணவுச் செலவாம்.

"ஐயா, நீங்கள் கறி காய்ச்சினதுக்கு அரசாங்கம் காசு தராது," என்றார் கிளாக்கர்.

"காய்ச்சக் கூடாதெண்டுதான் தம்பி வாங்கினனான்!"

அவர் நம்பவில்லை. தலைக்கு ஆயிரத்து எண்ணூறு, ஓட்டோவுக்குப் போகவர எழுநூறு. ஆறாயிரத்து நூறு ரூபாய் என் கையால் போனது.