துவானும் பதினொரு மூட்டை மிளகாயும்

எங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு ஒரே வண்டி. வேறொரு நாட்டில் ஓய்வு பெற்ற பிறகு எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தது. தோன்றினால் வரும், தோன்றாவிட்டால் வராது, யாரும் கேட்க முடியாது. அதனால் மேலதிகாரியை மலாயில் அழைப்பதுபோல் துவான் என்று அழைத்தோம். தினமும் காலை ஏழு மணிக்கு டயர், எண்ணெய், தண்ணீர்த் தொட்டி, குழாய் என இருபத்திரண்டு கட்டங்களில் நான் அடையாளமிடுவேன். அந்தப் பட்டியலுக்குக் கோடு போட்டதும் நானே.

துவானின் பேட்டரி எப்போதும் சுவரிலிருந்து கரண்டு குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கிளம்புமுன் ஒயரைப் பிடுங்கவேண்டும் என்பது பட்டியலில் இல்லை. பட்டியல் வண்டியின் பாகங்களுக்கு. சார்ஜர் சுவரைச் சேர்ந்தது. அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்க, ஒரு சனிக்கிழமை மாலை மூன்று பத்துக்கு மார்க்கெட் ஸ்திரீட் மசாலாக் கடை அக்கா போன் செய்தார்.

"பின்ரூம்ல பொகை வருது தம்பி. பண்டிகை மிளகா முழுக்க அங்கதான். இருபது மூட்டை. சீக்கிரம் வாங்க லா."

வழக்கமாக நான்காவது முயற்சியில் கிளம்பும் துவான், அன்று சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஓட்டுநர் அண்ணனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"பேசாத. மனசு மாறிடும்," என்று அவர் ஒரே மிதி மிதித்தார்.

பின்னால் ஏதோ உடைந்தது. கதவென்று நினைத்தேன். வழியெல்லாம் ஆட்கள் கைநீட்டிக் கத்தினார்கள். பதிலுக்குக் கையசைத்தேன்.

"சாமி ஊர்வலமா போறோம்? கைய உள்ள வை," என்றார் அண்ணன்.

நெரிசலில் எங்களை முந்திய மூன்று சக்கர டிரைஷாக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்: "அண்ணே, ஸ்டேஷனையும் கூட்டிட்டுப் போறீங்க."

எட்டிப் பார்த்தேன். ஒயர், அதன் நுனியில் சார்ஜர், அதோடு சுவரிலிருந்து பெயர்ந்த பலகை, பலகையில் பிளக்.

கடையில் பழைய காற்றாடியின் ஒயர்தான் பற்றியிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்தோம். மிளகாய்ப் புகையில் தெருவே இருமியது. அண்ணன் மட்டும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. "நான் எறங்கினா இது செத்துரும்," என்றார்.

பத்து நிமிடத்தில் தீ அடங்கியது. தண்ணீரைத்தான் குறைக்க முடியவில்லை. பம்பு ஓடுவது துவானின் எஞ்சினில்; அதன் வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்றால் மறுபடி கிளம்பாது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பொறி மிச்சமிருந்தாலும் அக்காவின் தீபாவளி முடிந்தது. அதனால் மேலும் பதினொரு நிமிடம் அடித்தோம்.

எரிந்தவை இரண்டு மூட்டை. தப்பியவை ஏழு. நனைந்தவை பதினொன்று.

"நெருப்பு ரெண்டுதான் கேட்டுச்சு தம்பி," என்றார் அக்கா. "நீங்க பதினொண்ணு கேட்டீங்க."

குழாயை மூடியதும் நின்றுபோன துவானைப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். பக்கத்து நிலையம் எங்கள் அழைப்புகளை ஏற்றுக்கொண்டது. நனைந்த மிளகாய் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். அக்காவின் கடையைச் சுற்றி வெயில் படும் இடமில்லை. ஞாயிறு காலை மூட்டைகளும் தார்ப்பாயுமாக எங்கள் நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"வண்டிதான் இல்லையே. சிமெண்டு சும்மாதானே கெடக்கு?"

மறுக்கும் நிலையில் நாங்கள் இல்லை. முற்றம் முழுக்கச் சிவப்பானது. மாலை நான்கு மணிக்கு மழை இருட்டும்போதெல்லாம் ஓடிப்போய் மூடினோம்.

"இதுக்கு மட்டும் பறந்து வர்றீங்க," என்றார் அக்கா.

வியாழக்கிழமை பட்டறைக்காரர் போன் செய்தார். எப்போது, எப்போது என்று நான் தினமும் நச்சரித்த வண்டி தயார், உடனே எடுத்துப் போகலாம் என்றார். அண்ணன் மிளகாயைக் கிளறுவதை நிறுத்தினார். இன்னும் இரண்டு மூட்டையளவு காயவில்லை. அக்கா ஒன்றை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. அதைத் தூக்கி எனக்குக் காட்டினார்.

"அவசரமில்லை," என்றேன் போனில். "சனிக்கிழமை வர்றோம். ஸ்டார்ட்டரை இன்னொரு தடவை பாருங்க."

பட்டறைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.