இருக்கன்குடியில் திருட்டுத்தனமாக எடுத்த ஒரு படம்

சாமி கும்பிடுகிறவர்களின் முகத்தை அவர்களுக்கே தெரியாமல் படம் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஈரேழு பதினாலு லோகத்திலும் ஆள் கிடையாது. அந்தத் தலைக்கனத்தில்தான் போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பினேன். காலை ஒன்பதே முக்காலுக்கு விருதுநகரில் பஸ். சாத்தூருக்கு முக்கால் மணி நேரம். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அன்றைய வெயிலுக்கு இரும்புத் தூணே நிழல் தேடி நடந்திருக்கும்.

உள்ளே படமெடுக்கத் தடை. அது சாமியை எடுக்கத்தான், கூட்டத்தை அல்ல என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். கேமராவைத் துண்டில் சுற்றித் தூணோரம் நின்று, உச்சிகால தீபாராதனையின்போது முன்வரிசையில் பத்துப் பேரை ஒரே படத்தில் அள்ளினேன்.

வெளியே வந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்தார். என் எலும்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விடைகொடுத்தேன்.

துண்டுக்குள் கேமரா இருந்ததைப் பார்த்துவிட்டார். ஆனால் அடிக்க வரவில்லை. ஆமத்தூர்க்காரர், பெயர் மாரிச்சாமி. பக்கத்தில் மனைவி காளீஸ்வரி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும்போது நடந்த விபத்தில் காளீஸ்வரிக்குப் பார்வை போய்விட்டது. திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். அதற்குப் பயந்து இங்கே வயனம் இருக்கிறார். குணமாகும்வரை விரதமாகக் கோயிலிலேயே தங்குவது. நேற்றிலிருந்து தீபம் தெரிகிறது என்கிறாராம். தெரிந்தால் மதுரைக்குப் போக வேண்டாமே.

"கும்பிடையில நானும் கண்ண மூடிருதேன் அண்ணாச்சி. அவ எங்கன பாக்கான்னு உங்க படத்துல இருக்கும்லா?"

இருந்தது. ஒன்பது முகங்கள் சுடரின் பக்கம் இருந்தன. பத்தாவது முகம் இடப்பக்கம், மணிச் சத்தம் வந்த திசையில் திரும்பியிருந்தது.

கோழிமுட்டைக்குள் யானையைக் கட்டிப்போட்டுக் கதை சொல்கிறவன் நான். அன்று ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை. கேமராவை அவர் கையில் கொடுத்தேன். திரை தானாக அணையும்வரை பார்த்தார். பிறகு வயனத்துக்கு விரித்திருந்த பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பாய் சுருளும் சத்தத்தில் காளீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. "என்னயக் கேக்காம எடுத்தீக. என்னயக் கேக்காம அவுக கையிலயும் குடுத்துட்டீக. திங்கக்கிழம நீங்களா போயிப் படுக்கப் போறீக?"

ஆபரேஷன் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. போன் நம்பர் கேட்க முகமில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை என்றால் பதினொன்றரைக்குள் உள்ளே போய்விடுங்கள். சாத்தூருக்குத் திரும்ப ஆட்டோ தாராளமாகக் கிடைக்கும். கேமராவைப் பையிலேயே வையுங்கள். கை கேட்காமல் எடுத்தே தொலைத்தால், படத்தில் இருப்பவரிடம் முதலில் சொல்லுங்கள், மற்றவருக்கெல்லாம் பிறகு. எனக்கு அதற்கு அரை நிமிடம் இருந்தது. காளீஸ்வரி என் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார்.