கூட்டிப் பெருக்கிய சதுப்பு

ஈப்போ நிலையத்தில் காலை ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டியது. என் முதுகில் ஒரு பை, கையில் நீளமான துணி உறை. உறைக்குள் இருந்தது மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புக் கம்பி. காவலாளி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சேற்றைத் தோண்டி முகர்ந்து பார்க்க ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை, ரயில் வரும் நேரத்தில் யாருக்கும் விளக்கிவிட முடியாது.

ஆனால் என் பிழைப்பு அதுதான். வீடு கட்டத் திட்டமிடும் நிலத்தில் சதுப்பு இருக்கிறதா, இருந்தால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். நான் ‘சதுப்பு’ என்று எழுதிய இடத்தில் கட்ட அனுமதி வாங்குவது குதிரைக் கொம்பு. இம்முறை போனது கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங் பக்கம் விற்கப்பட்ட ஒரு தோட்டத்துக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடுகள் வரப்போகின்றன.

போக மட்டும் டிக்கெட் நாற்பது மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. தைப்பிங் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் நடுவே ஓடும். இருபுறமும் தண்ணீர், கோரை, வெள்ளைக் கொக்குகள். எத்தனை முறை போனாலும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கைப்பேசியை வைத்துவிடுவேன். பக்கத்து இருக்கைக்காரர் சன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார். கொடுத்து வைக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதரை மணி வாக்கில் சுங்கைப் பட்டாணியில் இறங்கினேன். என்னை அமர்த்திய மேம்பாட்டு நிறுவனத்தின் வண்டி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இஸ்திரி போட்ட சட்டையும் தூக்கம் கெட்ட கண்களுமாக ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும்.

“நெலம் பாக்க வந்த மேடந்தான? கம்பெனி காடி வராது மேடம், டிரைவருக்கு ஒடம்பு சரியில்லையாம். என்னைப் போய் ஏத்திக்கச் சொன்னாங்க. நான் சேகர், தோட்டத்துக் குடியிருப்புக் கமிட்டிச் செயலாளர். பசியாறிட்டீங்களா?”

இரவு வேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். எனக்குச் சங்கடமாக இருந்தது. என்னை அமர்த்தியவர்களைத் தவிர, நிலத்தில் பங்குள்ள யாருடைய வண்டியிலும் சும்மா ஏறுவதில்லை, யார் வீட்டிலும் சாப்பிடுவதில்லை என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட சட்டம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்களே. அதனால் மதியத்துக்கு இரண்டு ரொட்டித் துண்டுகளைப் பையில் வைத்திருந்தேன்.

“தம்பி, கிரேப் டாக்சிக்கு என்ன ஆகுமோ அத வாங்கிக்கணும்,” என்றேன்.

“அய்யோ, வேணாம் லா மேடம்.”

கைப்பேசி பத்தொன்பது வெள்ளி காட்டியது. இருபது வெள்ளி நோட்டை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

பெடோங் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர். வழியெல்லாம் நாற்காலிக் கடைகள், டயர் கடைகள், கோபுரத்துக்குப் புதுச் சாயம் பூசிய கோயில் ஒன்று. சேகர் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தோட்டம் கைமாறியபோது, தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் மலிவு விலை வீடு கட்டித் தருவதாகப் புது முதலாளி ஒத்துக்கொண்டாராம். மூன்று அறைகள், ஓடு போட்ட கூரை, சொந்தப் பெயரில் பத்திரம்.

“எங்களுக்கு மூலை வீடு கெடச்சிருக்கு மேடம். அடுப்ப எந்தப் பக்கம் வைக்கணும்னு என் சம்சாரம் தேவகி இப்பவே முடிவு பண்ணிட்டா. செவுத்துக்கு என்ன கலருன்னு தெனம் சண்டை.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் பையிலிருந்த வரைபடத்தை நினைத்துக்கொண்டேன். அதில் மேட்டு நிலம் முழுவதும் பங்களாக்கள். மலிவு வீடுகள் பள்ளத்தில் இருந்தன. நான் பார்க்க வந்ததும் அந்தப் பள்ளத்தைத்தான்.

பத்தே கால் மணிக்குத் தோட்டம் வந்தது. பள்ளத்தின் ஓரத்தில் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ரோஜா நிறச் சர்பத் ஒரு பெரிய பாத்திரத்தில் இருந்தது. பெண்கள் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். யாருக்கோ நிச்சயதார்த்தம் போலிருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் எல்லாம் எனக்காக என்று புரிந்தது.

அதன் பின் பள்ளத்தைப் பார்த்தேன். வரும் முன் பார்த்த வான்படத்தில் ஆள் மறையும் கோரையும் காட்டுச் சேம்பும் கரும்பச்சையாக அடர்ந்து கிடந்த இடம், மொட்டையடித்த தலை மாதிரி இருந்தது. வெட்டிய கோரை ஒரு மூலையில் எரிந்து சாம்பலாகிக் கிடந்தது. நடுவே புதிதாக வெட்டிய வாய்க்கால். ஓரங்களில் லாரி மணல் கொட்டிப் பரப்பி, அதன் மேல் விளக்குமாற்றுத் தடங்கள்கூடத் தெரிந்தன.

“மேடம் வர்றீங்கன்னு போன ஞாயித்துக்கெழம கோத்தோங் ரோயோங் போட்டோம்,” என்றார் சேகர், பெருமையாக. “சின்னது பெருசுன்னு பாக்காம எல்லாரும் எறங்கிட்டாங்க. மைதானம் எப்படி இருக்கு?”

எந்த அதிகாரி வந்தாலும், எந்தத் திருவிழா வந்தாலும் முதலில் எல்லாரும் கூடிப் புல் வெட்டுவது தோட்டத்து வழக்கம். ஆகவே இது யாரையும் ஏமாற்றச் செய்த வேலை அல்ல. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை மெழுகி வைப்பது போல, நிலத்தை மெழுகி வைத்திருந்தார்கள். சாட்சியம் சொல்ல வேண்டிய செடிகளை எல்லாம் அழித்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விளக்குமாற்றுத் தடத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தேன்.

கம்பியை எடுத்து வேலையைத் தொடங்கினேன். சேகர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். சதுப்புக்குச் செடி ஒரு சாட்சி, தண்ணீர் ஒரு சாட்சி, மண் ஒரு சாட்சி. முதல் இரண்டையும் அப்புறப்படுத்தலாம். மூன்றாவதை ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஒரு சாண் கறுப்பு மண், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, அதில் துருப்பிடித்த ஆணியைத் தேய்த்தது போல ஆரஞ்சுப் புள்ளிகள். வருடக்கணக்காகத் தண்ணீர் தேங்கி வற்றுகிற மண்ணுக்குத்தான் அந்த நிறம் வரும். முகர்ந்து பார்த்தேன். கெட்ட முட்டை வாடை.

“எப்படி மேடம் இருக்கு?” ஒவ்வொரு குழிக்கும் சேகர் இதையே கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மருத்துவரைக் கேட்பது போன்ற குரல்.

“பாப்போம் தம்பி,” என்று ஒவ்வொரு குழிக்கும் நானும் சொன்னேன். முதல் குழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு மணிக்குக் கூடாரத்துக்கு வந்து ரொட்டியை எடுத்தேன். தேவகி அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வாழை இலையைப் போட்டார். சுடுசோறு, மீன் குழம்பு, அப்பளம். மறுத்திருக்கலாம். மறுக்க முடியாதபடி பசி, குழம்பின் மணம், எதிரில் அந்த முகம். என் சட்டம் அங்கேயே செத்தது.

“மீன் பிரமாதமா இருக்கும்மா. விராலா?”

“ஆமா மேடம், ஹாருவான். பாயாவுல வாய்க்கா வெட்டுனப்ப மாட்டுச்சி. டிரம்முல உசுரோட போட்டு வச்சிருந்தோம்.”

சேகர் பலமாக இருமினார். தேவகி நாக்கைக் கடித்துக்கொண்டார். பாயா என்றால் சதுப்பு. அங்குள்ளவர்கள் காலம் காலமாக அந்தப் பள்ளத்தைப் ‘பாயாக்காடு’ என்றுதான் சொல்கிறார்கள். இன்று ஒரு நாள் மட்டும் ‘மைதானம்’ என்று சொல்லப் பேசி வைத்திருந்தார்களாம். மைதானத்தில் விரால் பிடித்த ஊர் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து, அந்தச் சோற்றிலேயே மீனைப் பரிமாறிவிட்டார்கள். கூடாரம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சேகர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. கெடாவின் பிற்பகல் மழை, பேசினால் காது கேட்காத மழை. எல்லாரும் கூடாரத்துக்குள் ஒடுங்கினோம். சுற்றியிருந்த செம்பனை மேடுகளிலிருந்து செந்நிறத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கியது. பரப்பி வைத்த மணலை அரித்துக்கொண்டு போய், புது வாய்க்காலை அந்த மணலாலேயே அடைத்தது. விளக்குமாற்றுத் தடங்கள் முதலில் மறைந்தன. மழை விட்டபோது பள்ளம் குளமாக இருந்தது. எங்கிருந்தோ ஒரு கானாங்கோழி வந்து, தன் வீட்டுக்குத் திரும்பியது போலச் சத்தமிட்டது.

பார்வதி என்ற அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பழுத்த கைகள்.

“சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாருன்னு சும்மாவா சொன்னாங்க. யம்மா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. எங்க ஆளுங்கள இந்த லயத்துல கொண்டாந்து வச்சப்ப, எந்த மேடம் வந்து இரும்பு வச்சிக் குத்திப் பாத்தாங்க? மழ வந்தா முட்டிக்கால் தண்ணியிலதான் பொழைக்கறோம். அப்ப யாரும் பாயான்னு எழுதல. நாங்க சொந்தமா வீடு வாங்கறப்ப மட்டும் எழுதணுமா?”

“நீங்க கேக்கறது ஞாயந்தான் அக்கா. ஆனா நான் எழுதலன்னாலும் தண்ணி வரும். அப்ப பேங்கு கடன் உங்க தலமேல இருக்கும். இந்தப் பள்ளத்த மூடிட்டா, இதுல நிக்கற தண்ணியும் சேந்து வீட்டுக்குள்ள வரும்.”

“வரட்டுமே. வந்தா எங்க சொந்த வீட்டுக்குள்ளதான வரும்.”

கம்பியில் ஒட்டிய களியைத் துடைத்தேன். மேட்டு நிலத்தில் வீடு கேட்டிருக்கலாமே என்று சேகரிடம் மெதுவாகச் சொன்னேன். “அது பங்களாவுக்கு மேடம். அதக் கேட்டா இதுவும் போயிடும்னு யாரும் கேக்கல,” என்றார். தேவகி நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தார். சமையலறையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. புறப்படும்போது, மீந்த குழம்பை ஒரு டப்பாவில் ஊற்றிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு நிலையத்துக்குத் திரும்பினோம். காலையில் வைத்த இருபது வெள்ளி முன்கண்ணாடிக்குக் கீழே அப்படியே இருந்தது. ரயில் வரும்வரை சேகர் கூடவே நின்றார். போய்த் தூங்குங்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை.

“மேடம் வீடு மேட்டுலதான இருக்கு?” என்றார் திடீரென்று.

பொய் சொல்லியிருக்கலாம். “இல்ல தம்பி. ஈயம் தோண்டுன குட்டைய மூடிக் கட்டுன தாமான் குடியிருப்பு. சமையக்கட்டுச் செவுரு வருசா வருசம் வெடிக்கும். பூசுவோம், திரும்ப வெடிக்கும்.”

அவர் என் துணி உறையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டார்.

“ஆனா சாவி இருக்கில்ல?”

“இருக்கு தம்பி,” என்றேன். பையின் முன்னறையில்தான் இருந்தது. ரயில் ஏறிய பிறகும் கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். புக்கிட் மேரா ஏரி வந்தபோது, அன்று முதல்முறையாகத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அந்தப் பள்ளம் சதுப்பு. அதில் வீடு கட்டக் கூடாது. தோட்டக் குடும்பங்களின் வீடுகளை மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும் என்று, என்னிடம் யாரும் கேட்காத இரண்டு பக்கங்களையும் சேர்த்தேன். சதுப்பைப் பற்றிய பகுதிக்கு நிறுவனத்திடமிருந்து உடனே நன்றி சொல்லிப் பதில் வந்தது. அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி இதுவரை ஒன்றும் இல்லை. மண்ணைப் படித்தது சரி என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர்களுக்குச் சரியாக ஒன்றும் செய்யவில்லை என்பதும் தெரியும். ஈப்போவில் என் வீட்டுக்கு அடியில் இருந்த குட்டைக்குள் யாரும் கம்பியை இறக்காததால்தான் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. விரிசல் விட்ட அந்தச் சுவரை இப்போதெல்லாம் குறை சொல்ல வாய் வருவதில்லை.

சேகர் தினமும் காலையில் வாட்சாப்பில் ஒரு பூப்படம் அனுப்புகிறார். கீழே ‘இனிய காலை வணக்கம் மேடம்’ என்று இருக்கும். நானும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்புகிறேன். வீடு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டுத் திட்டிவிட்டால்கூடத் தேவலை.