அக்காவின் மூக்கும் அம்மோனியாவும்

எங்கள் வீட்டில் அந்த வருடம் வேதியியல் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ப்ளஸ் டூ படித்த அக்கா. இன்னொருத்தி ஐந்தாம் வகுப்பு படித்த நான். செய்முறைத் தேர்வுக்காக அவள் உரக்கப் படித்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பைடு. காடி வாசனை வந்தால் அசிட்டேட். மூக்கைப் பிய்த்துக்கொண்டு போனால் அம்மோனியம். ஏதோ ஒரு உப்பைக் கையில் கொடுத்து, இது என்ன உப்பு என்று சோதித்து எழுதச் சொல்வார்கள், அவ்வளவுதான். அக்காவுக்குப் பதில் நானே போய் எழுதிவிட்டு வந்திருப்பேன், வயது ஒன்றுதான் தடை.

அக்காவுக்கு மதுரையில் ஹாஸ்டலில் தங்கி வேதியியல் படிக்க ஆசை. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தைலமும் சாக்லேட்டும் விற்கிற அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. நேராக மாட்டேன் என்று சொல்லவும் மனது வரவில்லை. செய்முறைத் தேர்வில் எல்லாருக்கும் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று கடைக்கு வந்த யாரோ சொல்லிவிட்டுப் போக, அதைப் பிடித்துக்கொண்டார்.

"அள்ளிப் போடுற மார்க்கு, ஒனக்கும் முழுசா வரட்டும். ஒண்ணு கொறஞ்சாலும் மதுரைப் பேச்சை எடுக்கக் கூடாது."

அக்கா சரி என்றாள். அவளுக்கு எதிலும் அப்படி ஒரு தைரியம்.

தேர்வுக்கு முந்தின நாள் அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. பனிக்காலத்தில் எங்கள் ஊரே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும், அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் மோந்து பார்த்து எழுதுகிற பரீட்சைக்கு மூக்கில்லாமல் எப்படிப் போவது? குடும்பமே களத்தில் இறங்கியது. அம்மா யூகலிப்டஸ் இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்க வைத்தாள். மதுரைக்கு அனுப்ப இஷ்டமில்லாத அதே அப்பா, கடையிலிருந்து முதல் தரமான தைலம் ஒரு குப்பி கொண்டுவந்து அவள் நெற்றியிலும் கழுத்திலும் சூடு பறக்கத் தேய்த்தார். காலையில் அம்மா இன்னொரு தடவை தேய்த்தாள். என் பங்குக்கு நான் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தேன். ஸ்வெட்டர், ரிப்பன், சடை எல்லாம் தைலம். வேனில் உடன் போன பிள்ளைகளுக்குக் கண் எரிந்ததாம்.

ஆய்வகத்துக்குள் போனபோது அக்காவுக்கு மூக்கு நன்றாகத் திறந்திருந்தது. திறந்த மூக்கில் தைலத்தைத் தவிர வேறு எதுவும் ஏறவில்லை. உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துச் சூடாக்கி, சோதனைக் குழாயின் மேலே கையை விசிறி விசிறி மோந்திருக்கிறாள். தைலம்தான். கடைசியில் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் குழாய் வாயில் காட்டினாள். குப்பென்று அடர்ந்த வெண்புகை வந்தது. அம்மோனியம்தான், சந்தேகமே இல்லை.

இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. மோந்தாலும் மோக்காவிட்டாலும், 'காரமான அம்மோனியா மணம்' என்று புத்தகத்தில் உள்ளபடியே அத்தனை பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். அக்கா மட்டும், 'தைலம் தேய்த்திருப்பதால் மணம் தெரியவில்லை. வெண்புகை வந்தது' என்று எழுதி வைத்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளைக் கூப்பிட்டு, "மணம் தெரியலைன்னா சோதனை அரைகுறையில்லம்மா? அடிச்சிட்டு வேற எழுதித் தர்றியா?" என்று கேட்டிருக்கிறார்.

"வேணாம் சார். எனக்குத் தெரியலைங்கிறதுதான் நெசம்."

அவர் மார்க்கைப் போட்டுக்கொண்டார். எவ்வளவு என்று காட்டவில்லை.

சாயங்காலம் அக்கா நேராகக் கடைக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். நான் அங்கே சாக்லேட் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரே ஒரு வரி! நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன்.

"ஏந்தாயி, அந்த மனுசனே மாத்தி எழுதச் சொல்லியிருக்காரு. வெரசா எழுதிக் குடுத்துட்டு சோலியப் பாக்க வேண்டியதுதான? மார்க்கு போனா மதுரையும் போச்சுல்ல?" என்றார் அப்பா.

"போனாப் போகட்டும்ப்பா. மோக்காததை மோந்தேன்னு எப்படி எழுதுறது? உப்பு என்னன்னு சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. தைலக் காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் ஒரு சுற்றுலாக் குடும்பம் விலை கேட்டுக்கொண்டு நின்றது. அவர்களைக் கவனிக்காமல் அப்பா போனை எடுத்து மதுரையில் இருக்கும் அத்தையைக் கூப்பிட்டார். "பிள்ளைய ஜூன்ல அங்க அனுப்புறேன். நல்ல ஹாஸ்டலா விசாரிச்சு வையி."

மார்க்கே இன்னும் வரவில்லை! தன் கடைத் தைலத்தால் காரியம் கெட்டுவிட்டதே என்று அப்பாவுக்கு மனது உறுத்திவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். இந்த முடிவில் எனக்கு வெகுகாலம் சந்தேகமே வந்ததில்லை.

இப்போது நானும் மதுரையில் ஹாஸ்டலில் இருக்கிறேன். நல்லா இருக்கேன்ப்பா என்று போனில் சொன்னால், அப்பா நாலு கேள்வி கேட்டுவிட்டு வார்டனிடமும் ஒரு தடவை விசாரிப்பார். அக்கா இங்கே படித்த மூன்று வருடமும், நல்லா இருக்கேன்ப்பா என்று அவள் சொன்னால், சரி தாயி என்று வைத்துவிடுவார். கண்காணாத ஊரில் என்ன நடந்தாலும் இவள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள் என்று கடையில் நின்றபடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானோ, உறுத்தல் தாங்காமல் அப்பா தோற்றுவிட்டார் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.